வீரலட்சுமி சொல்லாமல் வைத்திருந்தது

போடியில் நான் வேலை பார்த்த கல்லூரியில் வீரலட்சுமி மேடம் விலங்கியல் நடத்தினார். தவளை அறுக்கப் பயந்து நிற்கும் பெண்களை அதட்ட மாட்டார். பக்கத்தில் வந்து நின்று முதல் கீறலைத் தானே போட்டுக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவார். பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்ள டாக்டர் பட்டம் இருந்தும் போட்டுக்கொண்டதில்லை. ஆண்டு மலரில் ஒருமுறை அப்படி அச்சாகிவிட்டபோது முதல்வரிடமே போய், இனிமேல் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அடக்கமான மனுஷி என்று பேசிக்கொண்டோம். ஏழெட்டு வருஷம் ஒரே அறையில் எதிரெதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்த நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்தப் பட்டத்தைப் பார்க்க அவருக்கே கூசும் என்பது எனக்குத் தெரிந்தது எண்பத்தேழாம் வருஷத்தில்தான். அவர் என்னிடம் சொன்னதையும், அதற்குப் பிறகு நானே பக்கத்தில் இருந்து பார்த்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

வீரலட்சுமி பிறந்த வீடு சம்சாரி வீடு. போடிக்குக் கிழக்கே கிணற்றுப் பாசனத்தில் கொஞ்சம் நிலம். குரங்கணிக்கு மேலே மலையில் ஒரு சின்ன ஏலத்தோட்டம். அவர் பி.யூ.சி. படிக்கும்போது அப்பா இறந்துவிட்டார். அண்ணன் காமராஜ் படிப்பை நிறுத்திவிட்டு நிலத்தையும் தோட்டத்தையும் எடுத்துக்கொண்டார். தங்கச்சியின் படிப்பை மட்டும் நிறுத்த விடவில்லை. பொட்டப்பிள்ளையை மதுரைக்கு அனுப்புகிறானே என்று சொந்தக்காரர்கள் முணுமுணுத்தபோது, அவரே ட்ரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு போடி ஸ்டேஷனுக்கு வந்து, மதுரை வரைக்கும் கூடவே போய், விடுதியில் சேர்த்துவிட்டுத் திரும்பினார். அண்ணனைப் பற்றிப் பேசும்போதெல்லாம் மேடம் இதிலிருந்துதான் ஆரம்பிப்பார். என்ன கோபம் இருந்தாலும் இதைச் சொல்லாமல் மேலே போக மாட்டார்.

பட்டப் படிப்பு முடிந்ததும் மதுரையில் இருந்த ஒரு மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் ஆய்வு மாணவியாகச் சேர்ந்தார். அங்கே அவருக்கு வழிகாட்டியாக வாய்த்தவர் டாக்டர் வெள்ளைத்துரை. புதிதாகச் சேரும் மாணவர்களை அவர் முதல் சில மாதம் கண்ணாடிக் குழாய் கழுவத்தான் விடுவார். கண்ணாடியில் அழுக்கு இருந்தால் ரத்தமும் பொய் சொல்லும் என்பார். ஒரு அளவை ஒருமுறை எடுத்துக்கொண்டு போனால் முகத்தைக்கூட நிமிர்த்திப் பார்க்க மாட்டார். திரும்ப எடுத்து, இன்னொருவரையும் எடுக்கச் சொல்லி, இரண்டும் ஒத்துவந்த பிறகு போனால்தான் நாற்காலியைக் காட்டுவார். வீரலட்சுமிக்கு அந்தக் கண்டிப்பு பிடித்திருந்தது. ஊரில் எல்லோரும் எதையும் அடித்துச் சொல்வதைக் கேட்டு வளர்ந்தவருக்கு, நிச்சயமாகத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லப் பழகுவது ஒரு விடுதலையாக இருந்ததாம்.

வெள்ளைத்துரையின் ஆராய்ச்சி பூச்சிமருந்து பற்றியது. நரம்பு தசைக்கு இழு என்று உத்தரவு போட்டதும், அந்த உத்தரவைத் துடைத்தெடுக்க உடம்பில் ஒரு நொதி இருக்கிறது. சில பூச்சிமருந்துகள் அந்த நொதியை முடக்கிவிடும். துடைக்க ஆளில்லாமல் உத்தரவு மேல் உத்தரவாகக் குவியும். பூச்சி அப்படித்தான் சாகிறது. மருந்து அடிக்கிற மனுஷன் உடம்பில் அந்த நொதி எவ்வளவு குறைகிறது என்று ரத்தத்தில் அளந்து பார்க்க வேண்டும். அந்த வேலையை வெள்ளைத்துரை வீரலட்சுமியிடம் கொடுத்தார்.

அந்தக் காலத்தில் ஏலக்காய்க்கு இலைப்பேன் பெரிய எதிரி. பேன் விழுந்தால் காயின் தோலில் சொறி படரும். ஏலம் கூறும் இடத்தில் அந்தக் காயைத் தள்ளி வைத்துவிடுவார்கள். அதனால் கோடை தொடங்கியதும் மலையெல்லாம் மருந்தடிதான். வீரலட்சுமி பல தோட்டக்காரர்களைப் போய்ப் பார்த்தார். தொழிலாளி ரத்தத்தை எடுத்து எங்கேயோ கொண்டுபோய்ப் பார்க்கிறேன் என்றால் யார் விடுவார்கள்? கடைசியில் அண்ணனிடமே கேட்டார். காமராஜ் சம்மதித்தார், தோட்டத்தின் பெயர் எங்கேயும் வரக்கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு.

சனிக்கிழமை ரயிலில் போடி வந்து, குரங்கணி வரைக்கும் ஜீப்பில் போய், அதற்கு மேல் ஐஸ் போட்ட பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீரலட்சுமி நடந்தே ஏறுவார். முதல் நாள் ஊசியைப் பார்த்து எல்லோரும் பின்வாங்கினார்கள். மருந்தடிக்கும் ஆட்களில் மூத்தவரான சுடலைதான் முன்னால் வந்து கையை நீட்டினார்.

"எடு தாயி. அட்டைக்குக் குடுக்குற ரத்தம்தான. படிக்கிற பிள்ளைக்குக் கொஞ்சம் குடுத்தா கொறைஞ்சா போகும்?"

அதன் பிறகு மற்றவர்களும் கை நீட்டினார்கள். சுடலைக்கு நாற்பது வயதிருக்கும். வாயில் பீடி இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது. மருந்தடிக்கும்போது மூக்கையும் வாயையும் துணியால் கட்டச் சொன்னால், பீடியை எங்கே வைப்பது என்று கேட்பார். அவர் மனைவி பேச்சி அதே தோட்டத்தில் காய் எடுத்தாள். பிள்ளை கிடையாது. பேச்சியின் தம்பி மலைச்சாமியைத்தான் இரண்டு பேரும் வளர்த்தார்கள்.

மருந்தடி தொடங்குவதற்கு முன்னும் முடிந்த பின்னும் எடுத்த ரத்தத்தை ஒப்பிட்டபோது, அடிக்கிறவர்கள் அத்தனை பேருக்கும் அந்த நொதி பாதியாகக் குறைந்திருந்தது. ஆட்கள் பார்க்க நன்றாக இருந்தார்கள். வேலை செய்தார்கள், சிரித்தார்கள். ரத்தம் வேறு கதை சொன்னது. வெள்ளைத்துரை அதைச் சென்னையில் ஒரு மாநாட்டில் வாசித்தார். வீரலட்சுமியின் பெயரும் சேர்ந்து வந்தது. நிலையத்தில் எல்லோருக்கும் இனிப்புக் கொடுத்தார்கள். வீரலட்சுமி அண்ணனிடம் சொல்லி ரப்பர் கையுறையும் முகத்துணியும் வாங்க வைத்தார். மலையேறி இறங்கும் வேலையில் அதைப் போட்டால் வேர்த்து ஊற்றுகிறது என்று ஆட்கள் கழற்றி வைத்தார்கள். காமராஜ் வற்புறுத்தவில்லை. வீரலட்சுமியும் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். சுடலைக்குத்தான் ரத்தத்தில் அந்த நொதி எல்லோரையும்விடக் குறைவு. ஒரு வருஷம் மருந்தடிக்கும் பம்பைத் தொடாதீர்கள் என்று அவரிடம் சொன்னதற்கு, பம்பைத் தொடாவிட்டால் உன் அண்ணன் கூலியைத் தொட விடமாட்டார் தாயி என்று சிரித்தார்.

எழுபத்தாறாம் வருஷம் கோடை மழைக்கு முன்னால் ஒரு நாள், சுடலையின் முதுகில் இருந்த பம்பு ஒழுகியது. சட்டை முழுதும் நனைந்துவிட்டது. பாத்தியை முடித்துவிட்டு மாற்றிக்கொள்ளலாம் என்று அதே சட்டையோடு வேலை பார்த்திருக்கிறார். மதியத்துக்குள் வாந்தி, வாயில் நுரை, உடம்பெல்லாம் துடிப்பு. கம்பளியில் கட்டித் தூக்கிக் குரங்கணிக்குக் கொண்டுவந்தார்கள். காமராஜே ஜீப்பை ஓட்டிக்கொண்டு வந்தார். போடியில் முதல் ஊசி போட்டு மதுரைக்குப் போகச் சொன்னார்கள். அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் மாற்றுமருந்தை விடாமல் ஏற்றினார்கள். செய்தி கேட்டு வீரலட்சுமி ஓடிப்போனபோது சுடலைக்கு நினைவில்லை.

மறுநாள் சாயங்காலம் அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். இட்லி சாப்பிட்டார். பேனுக்கு அடித்த மருந்து தனக்குப் பத்தவில்லை போலிருக்கிறது என்று பக்கத்துக் கட்டில்காரரிடம் சொல்லிச் சிரித்தார். பேச்சி அன்றைக்குத்தான் தலை சீவினாள். காமராஜ், ஆள் தேறிவிட்டான் என்று நிம்மதியாகப் போடிக்குத் திரும்பினார்.

மூன்றாம் நாள் காலையில் நிலையத்துக்குப் போகும் வழியில் வீரலட்சுமி எட்டிப் பார்த்தார். பேச்சி காப்பித் தம்ளரை வைத்துக்கொண்டு தவித்துக்கொண்டிருந்தாள். அவர் தலையைத் தூக்க மாட்டேன் என்கிறார், மடியில் தூக்கி வைத்தாலும் சாய்கிறது என்றாள். சுடலை முழு நினைவோடுதான் இருந்தார்.

"தலை வேற யாரு தலையோ மாதிரி கனக்குது தாயி. தலையணைய விட்டுத் தூக்க முடியல."

வீரலட்சுமி கட்டிலோரம் உட்கார்ந்து, பின்கழுத்துக்கு அடியில் கையைக் கொடுத்து, தூக்குங்கள் என்றார். சுடலை முயன்றார். முகம்தான் சிவந்தது, கழுத்து அசையவில்லை. விரல்களைப் பிடித்து அழுத்தச் சொன்னால் அழுத்தினார். தோளிலிருந்து கையை உயர்த்த முடியவில்லை. கண்ணின் பாவை சுருங்கவில்லை, வேர்வை இல்லை, நுரை இல்லை. விஷம் ஏறிய அன்றைக்கு இருந்த அடையாளம் ஒன்றுகூட இல்லை. இது அது இல்லை, வேறு ஏதோ ஒன்று என்று அந்த இடத்திலேயே தனக்குப் பட்டதாக மேடம் சொன்னார்.

பணியில் இருந்த டாக்டரைக் கூட்டிவந்து காட்டினார். அவர் நல்லவர், பொறுமையாகப் பார்த்தார். விஷம் திரும்புகிறது என்று நினைத்து ஊசியைக் கூட்டினார். அவர் படித்த புத்தகத்தில் அதற்கு மேல் எதுவும் இல்லை. மதியத்துக்கு மேல் சுடலையின் பேச்சு மூக்கால் வர ஆரம்பித்தது. பிறகு பேச்சு இல்லை. நெஞ்சு ஏறி இறங்குவது நின்று வயிறு மட்டும் அசைந்தது. மயக்கமருந்து கொடுக்கும் டாக்டர் ஒருவர் வந்து காற்றுப் பையை வைத்துக் கையால் அமுக்கினார். அமுக்கிய வரைக்கும் உதடு சிவந்திருந்தது. எவ்வளவு நேரம் அமுக்குவது? நிறுத்தினால் மூச்சு திரும்பவில்லை. பிழைக்க மாட்டார் என்றுதான் அங்கே இருந்த எல்லோருக்கும் தோன்றியது. பையை எடுத்துவிட்டார்கள்.

வீரலட்சுமி சுடலையின் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்தார். நொதி இன்னும் அடிமட்டத்தில்தான் இருந்தது. ஆள் தேறிவிட்டதாகத் தெரிந்தாலும் உள்ளே எதுவும் தேறவில்லை. இரண்டு மூன்று நாள் கழித்துக் கழுத்துத் தசையில் தொடங்கி மூச்சுத் தசைக்கு வந்து முடிகிறது. அந்தச் சில நாளைப் பை அமுக்கிக் கடத்திவிட்டால் ஆள் பிழைக்கலாம். இப்படி ஒரு எண்ணம் அவருக்கு உருவாயிற்று. வெள்ளைத்துரையிடம் போய்ச் சொன்னார். அவர் கடைசி வரைக்கும் கேட்டார். நன்றாகப் பார்த்திருக்கிறாய் என்றார். பிறகு சொன்னார்:

"ஆனா இது ஒரு ஆளோட கதைம்மா. ஆராய்ச்சி இல்ல. இன்னும் பத்துப் பேராவது கொண்டா, எழுதுவோம். இப்போதைக்கு ஒரு சின்னக் குறிப்பா வேணா அனுப்பலாம். அதுக்கும் தோட்டம் எது, மருந்து எதுன்னு போட்டாகணும். உங்க அண்ணன்கிட்ட சம்மதம் வாங்கிட்டு வா."

அந்த வாரமே வீரலட்சுமி போடிக்கு வந்தார். வந்த இடத்தில் வேறொன்று காத்திருந்தது. சங்கத்துக்காரர்கள் துணையோடு பேச்சி நஷ்டஈடு கேட்டுத் தொழிலாளர் அதிகாரியிடம் மனுக் கொடுத்திருந்தாள். தன் புருஷன் தோட்டத்து மருந்தால் செத்தான் என்பது அவள் கட்சி. மருந்து ஏறியது உண்மை, ஆனால் அது தெளிந்து எழுந்து இட்லி தின்றான், பிறகு வேறு நோவில் போனான் என்பது காமராஜின் கட்சி. இட்லி தின்றதைப் பார்த்த சாட்சி நிறைய இருந்தது. வீரலட்சுமி எழுத நினைத்த குறிப்பு அந்த ஒரு இடத்தில்தான் போய் விழும். தெளிந்து எழுந்தவனும் அதே மருந்தால் சாகலாம் என்பதுதான் அவர் கண்டது.

அண்ணனும் தங்கையும் களத்து மேட்டில் நின்று பேசினார்கள். காமராஜ் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எழுதியிருப்பேன் என்று மேடம் சொன்னார்.

"நீ பொய்யா எழுத வேணாம்த்தா. எழுதாதன்னும் சொல்லல. இந்தச் சோலி முடியட்டும், பெறகு எழுது. இப்ப எழுதுனா, ஒரு தோட்டம்னு நிக்காது. மலையில அத்தன தோட்டக்காரவுகளும் எம்மேலதான் வந்து விழுவாக."

"அவரு மருந்தாலதான் செத்தாருண்ணே."

"உனக்கு உறுதியாத் தெரியுமா?"

வெள்ளைத்துரை கற்றுக்கொடுத்த பதில் நாக்கில் தயாராக இருந்தது. "உறுதியாத் தெரியாது" என்றார் வீரலட்சுமி.

அது பொய் இல்லை. ஆராய்ச்சி நிலையத்தில் அந்தச் சொல்லுக்கு இருந்த அர்த்தம் வேறு, அண்ணன் கேட்ட இடத்தில் அதற்கு இருந்த அர்த்தம் வேறு என்பது அப்போதே அவருக்குத் தெரியும். காமராஜ் அதைப் பிடித்துக்கொண்டார். ஆராய்ச்சி செய்யும் தன் தங்கச்சியே உறுதி இல்லை என்கிறாள் என்று விசாரணையில் சொன்னார். மனு தள்ளுபடியானது. காசுக்காகப் பொய் சொன்னவள் என்று பேச்சிக்குப் பெயர் வந்தது. வேறு தோட்டத்துக்குப் போய்விட்டாள்.

சோலி முடிந்தது. பிறகும் வீரலட்சுமி எழுதவில்லை. இப்போது எழுதினால், அப்போது ஏன் சொல்லவில்லை என்று யாராவது கேட்பார்கள். மற்ற தோட்டங்களில் இன்னும் பத்துப் பேரைத் தேடலாம் என்று ஒரு காலம் திட்டம் இருந்தது. அதற்குள் ஆய்வேட்டை முடிக்கும் நெருக்கடி வந்தது. மருந்தடிப்பவர்களின் ரத்த அளவுகளை மட்டும் வைத்து எழுதினார். சுடலையின் பெயர் அதில் ஒரு எண்ணாக இருந்தது. அவர் எப்படிச் செத்தார் என்பது இல்லை. பட்டம் வந்தது. வெள்ளைத்துரை ஓய்வு பெற்றுச் சொந்த ஊருக்குப் போய், கொஞ்ச காலத்தில் இறந்தார். போடியில் கல்லூரி வேலை கிடைத்தது. எங்கள் அறைக்கு வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தார்.

எண்பத்திரண்டில் மலைச்சாமிக்கும் அதே கதி நேர்ந்தது. பேச்சியும் சுடலையும் வளர்த்த தம்பி. மாமனின் வேலையையே அவனும் எடுத்திருந்தான். மலை உச்சி மெட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்தில் மருந்து ஏறி, ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இரண்டாம் நாள் நன்றாகத் தேறிவிட்டான். வீட்டுக்குப் போகிறேன் என்று அவனே கேட்டான். நடக்கிறான், சாப்பிடுகிறான், இருக்க வேண்டும் என்று சொல்ல யாருக்கும் காரணம் தெரியவில்லை. குரங்கணி ஜீப்பில் சிரித்துப் பேசிக்கொண்டு ஏறியவன், இறங்கும்போது தலை நிற்கவில்லை என்றான். மறுநாள் காலையில் மூச்சு நின்றது. காரியம் எல்லாம் முடிந்த பிறகு கடைத்தெருவில் யாரோ சொல்லித்தான் வீரலட்சுமிக்குத் தெரிந்தது. அன்றைக்குக் கல்லூரிக்கு வந்தார், வகுப்பெடுத்தார். சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கவில்லை. உடம்புக்கு என்ன என்று கேட்டேன். ஒன்றும் இல்லை என்றார்.

வருஷா வருஷம் கடைசி வருஷ மாணவிகளை அவர் மதுரைக்கு, தான் படித்த அதே ஆராய்ச்சி நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போவார். எண்பத்தேழில் நானும் துணைக்குப் போனேன். பெண்களுக்கு ஆய்வகத்தைச் சுற்றிக்காட்டிக்கொண்டிருந்தார்கள். மேடம் நூலகத்தில் இருந்தார். கிளம்பும் நேரமாகிவிட்டதே என்று கூப்பிடப் போனபோது, புதிதாக வந்த ஒரு வெளிநாட்டு மருத்துவ இதழை விரித்து வைத்துக்கொண்டு, படிக்காமல் வெறுமனே உட்கார்ந்திருந்தார்.

இலங்கையில் இரண்டு மருத்துவர்கள் எழுதிய கட்டுரை. பூச்சிமருந்து ஏறித் தேறிய பிறகு, ஒன்றிலிருந்து நான்கு நாளுக்குள் கழுத்தைத் தூக்க முடியாமல் தொடங்கி மூச்சில் முடியும் ஒரு நிலை. அந்தச் சில நாளும் செயற்கையாக மூச்சுக் கொடுத்துத் தாங்கினால் பிழைக்க வைக்கலாம். பத்து நோயாளிகளை வைத்து எழுதியிருந்தார்கள். வெள்ளைத்துரை கேட்ட அதே பத்து.

தன் கண்டுபிடிப்பு கைவிட்டுப் போன வருத்தம் என்றுதான் நான் நினைத்திருப்பேன். மேடம் அந்தக் கட்டுரையின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி ஒரு வரியைக் காட்டினார். முன்னால் இதைப் பற்றி எழுதியவர்களின் பெயர்கள். நம் நாட்டு மருத்துவர்களே எழுபத்துநான்கில் கிட்டத்தட்ட இதைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். அந்த வருஷத்துத் தொகுப்பு அதே நூலகத்தில் பின்வரிசை அலமாரியில் இருந்தது. மேடம் ஏற்கெனவே போய் எடுத்துப் பார்த்துவிட்டார்.

"சுடலை சாகுறதுக்கு ரெண்டு வருஷம் முந்தியே இது இங்க இருந்திருக்கு" என்றார். "பத்துப் பேரைத் தேட வேண்டியதே இல்ல. நான் அலமாரியைத் தேடியிருந்தாப் போதும்."

ரயிலில் திரும்பி வரும்போதுதான் எல்லாவற்றையும் சொன்னார். பெண்கள் அடுத்த பெட்டியில் பாடிக்கொண்டு வந்தார்கள். இத்தனை காலம் அவர் மனசுக்குள், முதலில் பார்த்தவள் நான் என்ற ஒரு எண்ணம் ஓரமாக இருந்திருக்கிறது. எழுதாமல் விட்டதன் வலிக்குள்ளேயே அது ஒரு சின்னப் பெருமையாக ஒட்டிக்கொண்டிருந்ததாம். அதுவும் இல்லை என்று ஆனபோது, மிச்சம் இருந்தது மலைச்சாமி மட்டும்தான். அவனைக் காப்பாற்ற எந்தக் கண்டுபிடிப்பும் தேவைப்படவில்லை. ஆஸ்பத்திரியில் யாரிடமாவது வாயால் சொல்லி வைத்திருந்தால் போதும், இன்னும் நாலு நாள் கட்டிலில் வைத்திருப்பார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பேச்சியைப் பார்க்கப் போனார். என்னையும் வரச் சொன்னார். தனியாகப் போகத் தைரியம் இல்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். பேச்சி குரங்கணியில் ஒரு ஒற்றை அறை வீட்டில் இருந்தாள். வா தாயி என்று கூப்பிட்டுப் பாய் விரித்தாள். கோபம் ஒன்றும் தெரியவில்லை. மேடம் சுற்றி வளைக்காமல் சொன்னார். சுடலைக்கு என்ன நடந்தது, அது எந்தக் காரணத்தால், தான் அதை எப்போது பார்த்தது, ஏன் சொல்லாமல் விட்டது. மலைச்சாமிக்கும் அதுதான் என்பது. மூச்சுக் கொடுக்கும் பையைப் பற்றியும் சொன்னார்.

பேச்சி பாயின் ஓரத்தை இழுத்து நேராக்கினாள். பிறகு கேட்டாள்.

"கையால அமுக்குற பைதான? அன்னைக்கு அந்த டாக்டரு அமுக்குனாரே."

"ஆமா."

"நான் அமுக்கியிருப்பேனே தாயி. எத்தன நாளுன்னாலும் அமுக்கியிருப்பேன். எங்கிட்டக் குடுங்கன்னு கேக்கத் தெரியாமப் போச்சு."

மேடம் தலையைக் குனிந்துகொண்டார். அழவில்லை. அழுவதற்கு உரிமை இருப்பதாக அவர் நினைக்கவில்லை என்று எனக்குத் தோன்றியது. கொஞ்சம் கழித்துப் பேச்சி, அப்படியென்றால் மருந்தால்தான் செத்தார் என்று தான் சொன்னது நிஜம்தானே என்று கேட்டாள். நிஜம்தான் என்றார் மேடம். நஷ்டஈடு பற்றி அவள் பேச்சே எடுக்கவில்லை.

"பொய் சொல்லிக் காசு கேட்டவளுன்னு இன்னும் பேசுறாக. நீ வந்து அதச் சொல்லிரு. எங்கிட்ட இல்ல. அங்க, தோட்டத்துல, ஆளுக நிக்கையில சொல்லு."

மேடம் போனார். வேலை தொடங்குமுன் ஆட்களைப் பெயர் கூப்பிட்டு அனுப்பும் இடத்தில், கங்காணியும் பழைய ஆட்களும் காமராஜும் இருக்கும்போது, பேச்சியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னார். சுடலை மருந்தால்தான் செத்தார். இந்த அம்மா சொன்னது உண்மை. எனக்கு அப்பவே தெரியும், சொல்லவில்லை. மூன்று வாக்கியம்தான். நிறைய பேர் புதியவர்கள். சுடலை யார் என்றே அவர்களுக்குத் தெரியாது. பழைய ஆட்களில் ஒருத்தர் மட்டும் பேச்சியைப் பார்த்துத் தலையை ஆட்டினார். காமராஜ் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஆட்களை வேலைக்குப் போகச் சொன்னார். அதற்குப் பிறகு தங்கை வீட்டுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். ஆனால் மருந்தடிக்கும் ஆட்களை வாரம் மாற்றி வாரம் வேறு வேலைக்கு மாற்றினார். அதை நான் வேறு ஆட்கள் மூலம்தான் தெரிந்துகொண்டேன்.

மேடம் அதோடு நிற்கவில்லை. அந்தக் கட்டுரையைப் பிரதி எடுத்து, போடியிலும் தேனியிலும் பூச்சிமருந்து கேஸ் வரும் ஆஸ்பத்திரிகளுக்கு ஒவ்வொன்றாக ஏறி இறங்கினார். டாக்டர்களிடமும் நர்சுகளிடமும் சொன்னார்: தேறியவர்களை அனுப்பிவிடாதீர்கள், தினமும் தலையைத் தூக்கச் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். ஒரு ஆஸ்பத்திரியில், அப்போதுதான் படிப்பை முடித்து வந்திருந்த ஓர் இளம் டாக்டர், பிரதியை வாங்கிப் புரட்டிவிட்டு முகம் மலர்ந்தார். எங்க கல்லூரியில் பேராசிரியர் சொன்னார் மேடம், இந்த வருஷம்தான் வந்திருக்கிறது, ரொம்பப் புதுசு என்றார்.

மேடம் மிச்சப் பிரதிகளைப் பைக்குள் வைத்தார். "ஆமா தம்பி, புதுசுதான்" என்று சொல்லிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.